ராஜாமணி கலந்த மாத்திரைகள்

பாப்பிரெட்டிப்பட்டியில் அப்துல் ரஷீத்தின் புளிக் கிடங்கில் வேலை பார்த்த பெண்களில் ராஜாமணியின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய், பன்னிரண்டு வயதில் அம்மாவோடு புளி தட்ட வந்தவள். கல்யாணம் ஆகி, மகள் கவிப்பிரியா பிறந்து, அவளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்த பிறகும் அதே கிடங்கில் அதே சுத்தியலோடு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனாலும் ஒரு வேலைக்கு எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். சித்தேரி மலையிலிருந்து வரும் புளி மூட்டைகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் சதைப்பற்றான பழமாக இருக்கும், இன்னொன்றில் பூச்சி அரித்த ஓடும் நாருமாக இருக்கும். தட்டி எடுக்கிற எடைக்குத்தான் கூலி என்பதால் சொத்தை மூட்டை கிடைத்தவள் நாள் முழுக்கத் தட்டினாலும் தராசில் ஒன்றும் நிற்காது. அதனால் மூட்டைகளைப் பிரித்து ஒரே குவியலாகக் கொட்டி, மண்வெட்டியால் புரட்டிக் கலந்து, அப்புறம்தான் கூறு போடுவார்கள். கலந்து கூறு போடுவது ராஜாமணி. எந்தக் கூறு யாருக்கு என்று அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அதனால் யாரும் அவளிடம் முணுமுணுத்ததில்லை.

அவள் புருஷன் சென்றாயன் அதே கிடங்கில் மூட்டை தூக்கினான். ஊரிலேயே அவனைப்போல் லாரியில் மூட்டை அடுக்குகிறவன் இல்லை என்று பெயர். அப்படிப்பட்டவனின் கால்கள் முதலில் நின்றுபோனது லாரியில் ஏறும் ஏணிப் பலகையில். மூட்டையோடு பாதி ஏறும்போதே இடது கெண்டைக்கால் கயிறு போட்டு முறுக்கினாற்போல் பிடித்துக்கொள்ளும். சற்று நின்றால் விடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். நரம்பு இழுக்கிறது என்று ஊசி போட்டார்கள். எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். பீடியைக் குறை என்று ராஜாமணி சொன்னபோது, “பீடி வாயில பிடிக்கிறன், வலி கால்ல வருது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிரித்தான். கடைசியில் மூட்டை தூக்குவது போய், கிடங்கு வாசலில் உட்கார்ந்து சாக்குத் தைக்கிற ஆளாகிவிட்டான்.

அப்துல் ரஷீத்துக்கும் அதே வலி. அவருக்குச் சர்க்கரையும் உண்டு. இரண்டு பேரும் கிடங்கிலிருந்து டீக்கடைக்கு ஒன்றாகக் கிளம்பி, வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து போவார்கள். “பாயும் சென்றாயனும் ரயிலு மாதிரி. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுதான் போவாங்க” என்று டீக்கடைக்காரர் கேலி பேசுவார்.

சேலத்திலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊரில் முகாம் போட்டபோதுதான் சங்கதி தெரிந்தது. பேனா போன்ற ஒரு கருவியைப் பாதத்தில் வைத்தார்கள். ராஜாமணியின் காலில் சும்மா வைத்துக் காட்டியபோது அதோடு இணைத்த பெட்டிக்குள்ளிருந்து உஸ், உஸ் என்று ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. சென்றாயனின் இடது காலில் வைத்தபோது வெறும் இரைச்சல். டாக்டர் சவுரியப்பன் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டு, “ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. இது நரம்பு இல்ல” என்றார். இதயத்துக்குப் போகிற குழாய் அடைத்தால் மாரடைப்பு, காலுக்குப் போவது அடைத்தால் இது, இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அடைப்புக்கு வழக்கமாகக் கொடுக்கிற மருந்தோடு, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் புது மாத்திரை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சென்றாயனும் ரஷீத்தும் சேர ஒப்புக்கொண்டார்கள். பிரியதர்ஷினி என்கிற நர்ஸ் ஒரு அறையில் உட்காரவைத்து விளக்கிச் சொன்னாள். சொன்னது புரிந்ததா என்பதற்கு வீடியோவும் எடுத்தார்கள். கேமராவில் தன் முகம் விழாதபடி ராஜாமணி கதவோரம் நகர்ந்து நின்றாள்.

“பாதிப் பேருக்கு நெஜ மருந்து இருக்கிற மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.”

“அப்ப யாருக்குத்தாங்க தெரியும்?” என்றான் சென்றாயன்.

“கம்ப்யூட்டருக்கு.”

“அது யார் கட்சி?” என்று ரஷீத் கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரவர் டப்பா மாத்திரையை அவரவர்தான் போட வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று பிரியதர்ஷினி சொன்னதும் அந்தச் சிரிப்பிலேயே கரைந்து போனது.

நான்கைந்து மாதம் போயிற்று. இருவரும் மஞ்சவாடி கணவாய் வழியாகப் பஸ்ஸில் சேலம் போய் வந்தார்கள். ராஜாமணியும் கூடப் போனாள். அங்கே நீளமான நடைபாதையில் நடக்கவிட்டு, வலி வரும்வரை எவ்வளவு தூரம் என்று பார்த்தார்கள். கணுக்காலில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார்கள். சென்றாயனின் தூரம் கூடிக்கொண்டே வந்தது. பாதம் சூடாக இருக்கிறது என்று அவன் ராத்திரி போர்வையை உதைத்துத் தள்ளினான். ஒருநாள் டீக்கடைவரை எங்கேயும் உட்காராமல் போய்விட்டு, திரும்பி வந்து பெருமையாகச் சொன்னான். பாதி வழியில் உட்கார்ந்துவிட்ட ரஷீத் பின்னால் மெதுவாக வந்தார்.

“ஒனக்குத்தாண்டா சரக்கு விழுந்திருக்கு. எனக்குக் குடுத்தது சுண்ணாம்புக் கட்டி” என்றார்.

“அப்பிடியெல்லாம் இல்லீங்க பாய். ஒங்களுக்குச் சக்கரை இருக்குதில்ல.”

“சக்கரை இருந்தா டீயாவது இனிக்கணும். போடா.”

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அன்று கிடங்குக்குள் வந்து தராசின் அருகே உட்கார்ந்து, தன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டிருந்ததை ராஜாமணி பார்த்தாள். அந்த மனுஷர்தான் சென்றாயன் மூட்டை தூக்க முடியாமல் போனபோது வேலையை விட்டு அனுப்பாமல் சாக்கு ஊசியைக் கையில் கொடுத்தவர். வீட்டில் அரிசி வெந்துகொண்டிருந்தபோதும் அவளுக்கு அந்தப் பாதமே கண்ணில் நின்றது.

அடுத்த முறை இருவருக்கும் புது டப்பாக்கள் வந்தன. கிடங்கில் வேலை முடிந்து பெண்கள் போன பிறகு அவள் இரண்டு டப்பாவையும் கேட்டு வாங்கினாள்.

“ஏன் பாய், இதைக் கலந்துட்டா என்னங்க? ஒருத்தருக்கே சொத்தையா விழுந்தா எப்பிடி? கலந்து ஆளுக்குப் பாதி எடுத்தா, ரெண்டு பேருக்கும் கொஞ்சமாவது போய்ச் சேருமில்ல?”

இவ்வளவு நீளமாக அவள் பேசி ரஷீத் கேட்டதில்லை. சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு சென்றாயனைப் பார்த்தார். “என்னடா சொல்ற?”

சென்றாயன் டப்பாக்களைப் பார்த்தான். அவன் விருப்பப்படவில்லை என்பது ராஜாமணிக்குத் தெரிந்தது. பாய் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல அவனால் முடியாது என்பதும் தெரிந்தது. “கலக்கட்டுங்க” என்றான்.

அவள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டையும் கொட்டினாள். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே வட்டம். கையால் அளைந்து புரட்டிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் எண்ணி, இரண்டு டப்பாவிலும் சமமாகப் போட்டு மூடினாள். “ரோஷன்கிட்டச் சொல்லிடாத. பயந்துக்கும்” என்று தன் மனைவியைச் சொன்னார் ரஷீத். அதன் பிறகு ஒவ்வொரு முறை டப்பா வந்தபோதும் கலந்தாள். மிச்ச மாத்திரையை ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்த்தார்கள், எண்ணிக்கை சரியாக இருந்தது.

சென்றாயனின் தூரம் குறைய ஆரம்பித்தது. முதலில் குளிர் என்றான், அப்புறம் பீடியால்தான் என்றான், அப்புறம் எதுவும் சொல்லாமல் வழியில் உட்கார்ந்தான். “மாத்திரை ஒழுங்கா போடறீங்கதானே?” என்று பிரியதர்ஷினி கேட்டாள். “போடறமுங்க” என்றான். அது பொய் இல்லை. ரஷீத்தோ நல்லாயிருக்கிறது என்றார். ராஜாமணி வேறு ஒன்றைக் கவனித்தாள். தராசுக் கம்பி லேசாகப் பட்டதற்கே ரஷீத்தின் முழங்கையில் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போய், அது போக வெகுநாள் ஆனது. முகம் மழிக்கும்போது கீறினால் துண்டு நனைகிறவரை நிற்கவில்லை. மருந்து இவரிடமும் வேலை செய்கிறது என்று நினைத்து அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மாசி மாதம் புளி வரத்து மும்முரமாக இருந்த நேரம். ரஷீத் காலையில் மொபெட்டில் மலையடிவாரத்துக்குப் புளி பார்க்கப் போனவர் வளைவில் நாய் குறுக்கே வந்ததில் விழுந்துவிட்டார். தலை ரோட்டில் மோதியது. தானே எழுந்து, வண்டியைத் தூக்கி, டீ குடித்துவிட்டுக் கிடங்குக்கு வந்தார். “நாய்க்கு ஒண்ணும் ஆகல. அது நேரா வூட்டுக்குப் போயிடுச்சு” என்று சிரித்தார். மதியம் சோற்றின் முன்னால் உட்கார்ந்தவர் வாந்தி எடுத்தார். பேச்சு குழறியது. அவர் மனைவி ரோஷன் பீ அலறிக்கொண்டு கிடங்குக்கு ஓடி வந்தாள். வேன் பிடித்து, சென்றாயனும் ராஜாமணியும் கூட ஏறி, நேராகச் சேலத்துக்குப் போனார்கள்.

அங்கே தலையைப் படம் எடுத்தார்கள். மண்டைக்குள் ரத்தம் கசிந்து மூளையை அழுத்துவதாகச் சொன்னார்கள். ஆராய்ச்சியில் இருப்பதற்கான அட்டையை ரோஷன் பீ காட்டியதும் டாக்டர் சவுரியப்பனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவரும் பிரியதர்ஷினியும் வேகமாக வந்தார்கள். இந்த மாதிரி ஆபத்து வந்தால் மட்டும் கம்ப்யூட்டரைத் திறந்து யாருக்கு எது என்று பார்க்கலாமாம். டாக்டர் பார்த்தார்.

“இவருக்குக் குடுத்தது வெறும் மாத்திரை. நாம குடுத்ததுல ரத்தத்தை இளக்குற மருந்து எதுவும் இல்ல” என்று மூளை ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் சொன்னார். “அப்ப லேட் பண்ண வேணாம். உடனே தொறந்துடலாம்” என்றார் அவர்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜாமணிக்கு அது கேட்டது. வெறும் மாத்திரை பாய்க்கு வந்தது. ஆனால் பாய் தின்றது வெறும் மாத்திரை இல்லை. முழங்கையில் கன்றிய நிறம் அவளுக்கு ஞாபகம் வந்தது. மண்டையைத் திறந்தால் அந்த ரத்தம் நிற்குமா?

அவள் எழப் பார்த்தபோது சென்றாயன் அவள் சேலையைப் பிடித்தான். “இந்தா, எங்க போற?”

“சொல்லோணுமில்லீங்க.”

“சொன்னா அவ்வளவுதான். நம்மள வெளிய தள்ளிடுவாங்க. அடுத்த மாசம் கம்பி உட்டு அடைப்ப எடுக்கறன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. எங்காலு போயிடும் புள்ள.” அவன் குரல் கெஞ்சலாக இருந்தது. “அவங்க பெரிய டாக்டருங்க. அவங்களுக்குத் தெரியாததா?”

“அவங்களுக்குத் தெரியாதுங்க. அதானே தெரியாதாட்டம் வச்சிருக்காங்க.”

“எங்காலப் பாருடி.”

அவள் பார்த்தாள். செருப்பில்லாத அந்த இடது பாதம் வெளுத்து, விரல் நுனி நீலம் பாய்ந்திருந்தது. எதிரே ரோஷன் பீ தரையில் உட்கார்ந்து, முக்காட்டை முகத்தில் அழுத்திக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள்.

ராஜாமணி சேலையை உருவிக்கொண்டு போய்ப் பிரியதர்ஷினியின் கையைப் பிடித்தாள்.  “என்னங்கம்மா?” என்று அவள் இரண்டு தடவை கேட்ட பிறகு, தரையைப் பார்த்தபடி சொன்னாள். “அந்த மாத்திர அவுருது மட்டும் இல்லீங்க. எங்க வூட்டுக்காரரோடத கலந்துட்டனுங்க. ரெண்டு டப்பாவும் ஒண்ணாக் கொட்டி... ஆறு மாசமா.”

பிரியதர்ஷினி ஓடினாள். ஸ்ட்ரெச்சர் நின்றது. டாக்டர் சவுரியப்பன் திரும்பி வந்து மறுபடி கம்ப்யூட்டரைத் திறந்தார். சென்றாயனின் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இவரோடதுல மருந்து இருந்திருக்கு” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “முறிக்கிற ஊசி எடுங்க. அது போட்டுட்டுத்தான் தொறக்கணும்.” அந்த மருந்து சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியாதாம். தெரியாமல் கத்தி வைத்திருந்தால் மேஜையிலேயே போயிருப்பார் என்று பிறகு சொன்னார்கள்.

அந்தப் பரபரப்பில் சென்றாயன் பெஞ்சை விட்டு எழவே இல்லை. தன்னுடையதில் மருந்து இருந்தது என்பதை அவனும் கேட்டான். ராஜாமணி திரும்பிப் பார்த்தபோது அவன் அவளைப் பார்க்கவில்லை.

ரஷீத் பிழைத்தார். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு வந்தது, ஆனால் புளி என்று சொல்ல நினைத்தால் வேறெதுவோ வரும், அவருக்கே அது தெரிந்து வாயை மூடிக்கொள்வார். டாக்டர் சவுரியப்பன் ராஜாமணியைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் கலந்தாள் என்று கேட்டார்.

“ஒருத்தருக்கே சொத்தையா விழக்கூடாதுன்னுங்க.”

அவர் முகம் சிவந்தது. “மாத்திரை என்ன புளியாம்மா? சொன்னோமே, படிச்சுக் காட்டினோமே. ரெண்டு உசுரு போயிருக்கும்.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, இனி இருவரும் ஆராய்ச்சியில் இல்லை, ஆனால் சென்றாயனின் காலுக்கு வைத்தியம் நிற்காது, அரசாங்கக் காப்பீட்டில் கம்பி விட்டு அடைப்பை எடுத்துவிடலாம், அடுத்த வாரமே கூட்டி வா என்றார்.

சென்றாயன் போகவில்லை. “எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?” என்று ஒரு தடவை சொன்னான். அதன் பிறகு அவளிடம் பேச்சே இல்லை. சோற்றை வைத்தால் தின்றான். துணியைக் கொடுத்தால் வாங்கினான். அவள் அழைத்தாள், அழுதாள், கவிப்பிரியாவை வரவழைத்துச் சொல்லச் சொன்னாள். மகளிடம் மட்டும், “உங்கம்மா ஊருக்கு நல்லவ” என்றானாம். குறைத்திருந்த பீடியை மறுபடி கட்டுக் கட்டாக வாங்கினான். கட்டை விரல் கறுத்து, கறுப்பு மெல்லப் பாதத்தின் மேலேறி, நாற்றம் வீட்டுக்குள் நிற்கமுடியாமல் ஆன பிறகுதான் அவள் அவனைக் கேட்காமலேயே பிரியதர்ஷினிக்குப் போன் போட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவன் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு இல்லை.

குழாய் முழுக்க இறுகிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ராஜாமணி டாக்டர் சவுரியப்பனைக் கேட்டாள்.

“நான் கலக்காம இருந்திருந்தா கால் நின்னிருக்குங்களா?”

“தெரியாதும்மா.”

“நெஜத்தைச் சொல்லுங்க. நான் தாங்கிக்குவன்.”

“நெஜமாத்தான் சொல்றேன். மருந்து முழுசாப் போட்டும் கால் போனவங்க இருக்காங்க, போடாமயே நின்னவங்களும் இருக்காங்க. ஒருத்தர் கால வச்சு எதையும் சொல்ல முடியாது. அதனாலதான் ஆயிரக்கணக்கான பேர வச்சுப் பாக்கறோம்.”

உன்னால்தான் போயிற்று என்று அவர் சொல்லியிருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்திருக்கும். அவள் தலையாட்டிவிட்டு வந்து வார்டு வாசலில் உட்கார்ந்தாள்.

அன்று ரஷீத்தைக் கைப் பயிற்சிக்கு அங்கே கூட்டி வந்திருந்த ரோஷன் பீ, அவளைத் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். 

“கலந்ததும் நீ. ஓடிப் போய்ச் சொன்னதும் நீ” என்றாள் ரோஷன் பீ. “உன்னத் திட்டலாம்னுதான் எந்திரிச்சு வர்றேன். பாதி வழி வர்றதுக்குள்ள வாய் அடைச்சுக்குது. உன்ன நான் என்னடி பண்றது ராஜாமணி?”

“திட்டுங்கக்கா.”

“போ அந்தாண்ட” என்று சொன்னாளே தவிர அவள் எழுந்து போகவில்லை. ஆபரேஷன் முடிந்து சென்றாயனை வெளியே கொண்டுவந்தபோதுதான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனாள்.

மறுநாள் காலையில் மயக்கம் தெளிந்து அவன் கண்ணைத் திறந்தான். போர்வை ஒரு பக்கம் முழுதாகவும் மறுபக்கம் முழங்காலோடு சரிந்தும் கிடந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தவன், மாதக்கணக்கில் பேசாத வாயைத் திறந்தான்.

“ராஜாமணி.”

“என்னங்க?”

“அரிக்குது.”

“எங்கீங்க?”

“இடது கால் கட்டை விரல்ல. கொஞ்சம் சொறிஞ்சு உடு.”

அவள் எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். கட்டு முடிகிற இடத்துக்கு அப்பால் விரிப்பு தட்டையாக இருந்தது. விரல் இருந்திருந்தால் எங்கே இருக்கும் என்று வலது பாதத்தைப் பார்த்துக் கணித்துக்கொண்டு, அந்த வெறும் இடத்தில் விரிப்பின் மேல் நகத்தால் சொறிந்தாள். சத்தம் அவனுக்குக் கேட்கும்படி.

“இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்” என்றான்.

அவள் கையை நகர்த்தினாள்.

“ஆங்” என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை.